போட்டு வாறன்

வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியில் இருந்து பார்த்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கனடாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட எண்ணியிருக்கும் மருமகன், பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு கேட்டான். "மாமா, ஒரு மோட்டர் படகு வாங்கினால் இதிலேயே ஓடலாமோ?"

இதில் ஓட முடியாது என்றேன். இந்தக் கரையில் ஒதுங்க இடமில்லை. அலை நேரே கல்லில் வந்து அடிக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் இருப்பது கப்பல் துறைமுகம், நினைத்தபோது படகை இறக்குகிற இடமல்ல. அவன் ஆசைக்கு ஏற்ற இடம் பொல்கொட வாவி. காலி வீதியால் மொரட்டுவைக்குப் போய் உள்ளே திரும்பினால் அகன்ற, காற்று அடங்கிய நீர். சிலோன் மோட்டர் யொட் கிளப் இருப்பதும் அந்த வாவிக்கரையில்தான். முதல் இரண்டு வருடம் அங்கே பழகட்டும், கடலைப் பிறகு யோசிக்கலாம்.

வீட்டை விட்டுப் புறப்படும்போது நாங்கள் "போறன்" என்று சொல்வதில்லை, "போட்டு வாறன்" என்றுதான் சொல்கிறோம். படகு வாங்குகிறவன் காசு கொடுக்குமுன் யோசிக்க வேண்டியதும் அந்த "வாறன்" பற்றித்தான். வேகமாகப் போவதற்கு எந்தப் படகும் போதும்.

பழைய பைபர் படகு, 18 அடி அளவில், தாராளம். ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. எஞ்சின் பூட்டும் பின்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். பல படகுகளில் பைபருக்கு உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். ஆணித் துளையால் தண்ணீர் இறங்கினால் அது வெளியே தெரியாமல் உக்கும். நல்ல பலகை கணீரென்று சொல்லும், உக்கியது பொதபொதவென்று ஒலிக்கும். எஞ்சினை மேலே தூக்கி அமத்திப் பார்த்தால் உக்கிய பலகை அசையும். அசைந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அவுட்போர்ட் எஞ்சின் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக். எஞ்சினின் காலுக்குள் இறப்பர் இதழ் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று உண்டு, இம்பெல்லர். அதுதான் வாவித் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைச் சுற்றி அனுப்பிக் குளிரவைக்கிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பக்கத்துத் துளையால் மெல்லிய கம்பிபோல் பீச்சும். எஞ்சின் ஓடும்வரை ஒரு கண் அதிலேயே இருக்க வேண்டும். ஒருமுறை நான் பேச்சில் மூழ்கி அதை விட்டுவிட்டேன். ஒரு பொலித்தீன் பை உறிஞ்சும் வாயை மூடியிருக்கிறது. எரிந்த மணம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அன்று இரண்டு மணித்தியாலம் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தோம், என் மனைவியும் சேர்ந்து வலித்தாள். அதனால்தான் எஞ்சின் எவ்வளவு புதிதென்றாலும் இரண்டு துடுப்பு கட்டாயம் என்கிறேன். நீர்ப்பாசி விசிறியில் சுற்றினாலும் இதே கதைதான். எஞ்சினை நிறுத்தி, தூக்கி, கையால் அறுத்தெடுக்க ஒரு கத்தியும் வேண்டும்.

"பெற்றோல் எவ்வளவு குடிக்கும்?" என்றான். 40 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு 15 லீற்றர் அளவில் குடிக்கும். 2022 இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் பாரம் விளங்கும். தாங்கியில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மற்றப் பங்கு தொடாமல் இருக்க. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். தூக்கிச்செல்லும் தாங்கியென்றால் கரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும்.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று, பிள்ளைக்குப் பிள்ளையின் அளவில். இருக்கைக்குக் கீழே மடித்து வைத்த அங்கி யாரையும் காப்பாற்றாது, உடம்பில் கிடக்க வேண்டும். எஞ்சினிலிருந்து தொங்கும் சிவப்புச் சுருள் கயிற்றை ஓட்டுகிறவர் கையிலோ காலிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாப் படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். நங்கூரக் கயிறு ஆழத்தின் 5 மடங்காவது இருக்கட்டும், காற்றென்றால் 7. கயிறு கிடையாய் இழுத்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும்.

காற்றைப் பற்றி நான் அதிக நேரம் பேசினேன். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகம். வானிலை அறிக்கையில் "புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரை" என்று வாசிக்கத் தொடங்கினால் அது எங்கள் கடல், காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வாவியில் ஆபத்து வேறு மாதங்களில் வரும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும், காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் நீர் பின்னேரம் இடியும் மின்னலுமாய்க் குமுறும். திறந்த நீரில் உயர்ந்து நிற்பது நீங்கள் மட்டும்தான். விடியப் போய் மதியத்துக்குள் திரும்புவது என் வழக்கம். எதிரே படகு வந்தால் இருவரும் வலப்பக்கம் விலக வேண்டும். சிறு தோணியில் வலை போடுகிறவரைக் கண்டால் வேகத்தை முழுக்கக் குறைக்க வேண்டும். நாங்கள் பொழுதுபோக்க வந்தவர்கள், அவர் அன்றைய சோற்றுக்கு வந்தவர். எங்கள் அலை அவருடைய தோணியைக் கவிழ்த்துவிடக் கூடாது.

பொல்கொட வாவி பாணந்துறையில் கடலோடு சேர்கிறது. அதனால் அங்கே உவர்நீர். எஞ்சின் காலில் பூட்டியிருக்கும் உலோகக் கட்டி, எஞ்சினுக்கு வரும் அரிப்பைத் தான் வாங்கித் தேய்கிறது. கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், இந்த உவர்நீருக்கு அலுமினியம். பாதி தேய்ந்ததும் மாற்ற வேண்டும், அதன்மேல் பெயின்ற் பூசக்கூடாது. வீடு வந்ததும் குழாய்த் தண்ணீரில் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் உள்ளே உப்பு தங்காது.

மருமகன் வெறும் கோப்பையைக் கீழே வைத்தான். வரும் சனிக்கிழமை பிலியந்தலையில் ஒரு பழைய படகு பார்க்கப் போகிறோம். இப்போதே மேசையைத் தட்டித் தட்டிச் சத்தம் பழகிக்கொண்டிருக்கிறான்.