சீரான உறக்க நேரமும் இதய நலமும்

சீரான உறக்க நேரம் என்பது நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உறங்கி, ஒரே நேரத்தில் விழித்தெழும் வழக்கம் ஆகும். எத்தனை மணி நேரம் உறங்குகிறோம் என்பதுடன், எப்போது உறங்குகிறோம் என்பதும் இதய நலத்தோடு தொடர்புடையது.

உடல் கடிகாரம்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடலின் முதன்மைக் கடிகாரம் உள்ளது. கண்ணில் படும் ஒளியே இதற்கு நேரம் காட்டுகிறது. இயல்பான இரவு உறக்கத்தில் இரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை குறையும். இதயத் துடிப்பும் தணியும். விழிக்கும் வேளையில் கார்டிசால் சுரப்பு கூடி, அழுத்தம் மீண்டும் உயரும். உறங்கும் நேரம் அடிக்கடி மாறினால் கடிகாரம் உடனே ஈடுகொடுப்பதில்லை. இதனால் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைக்க வேண்டிய ஓய்வு குறையலாம்.

ஆய்வு

அமெரிக்காவில் 1,992 பேரின் உறக்கம் மணிக்கட்டுக் கருவி மூலம் ஏழு நாட்கள் பதிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அவர்களுள் 111 பேருக்கு இதய, இரத்தக் குழாய் நோய் நிகழ்வுகள் ஏற்பட்டன. உறங்கத் தொடங்கும் நேரம் 90 நிமிடங்களுக்கு மேல் மாறுபட்டவர்களுக்கு, 30 நிமிடங்களுக்குள் மாறுபட்டவர்களைவிட இடர் இரு மடங்குக்கு மேல் இருந்ததாக 2020-இல் வெளியான முடிவு கூறுகிறது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை உறுதி செய்யவில்லை.

குற்றாலச் சீசன்

தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றாலத்தில் சூன் முதல் ஆகத்து வரை சாரல் காலம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களும் வருகின்றனர். அருவிகளில் இரவிலும் கூட்டம் குளிப்பதால் விடுதி ஊழியர், ஆட்டோ ஓட்டுநர், உணவகத்தார், சிறு கடைக்காரர் ஆகியோருக்கு உறங்கும் நேரம் நாளுக்கு நாள் மாறக்கூடும். வருமானம் கிடைக்கும் சில மாதங்களே உறக்கம் கலையும் மாதங்களாகவும் அமைகின்றன. விடுமுறையில் ஒரே நாளில் நெடுநேரம் உறங்குவது அந்தக் குறையை முழுவதும் ஈடுசெய்யாது. நேர ஒழுங்கை மேலும் குலைக்கலாம்.

கடைப்பிடிக்கத்தக்கவை

* பகல் வேலை செய்வோர் விழிக்கும் நேரத்தை முதலில் நிலைப்படுத்தி, எழுந்ததும் வெளிச்சத்தில் சிறிது நேரம் இருக்கலாம்.
* இரவுப் பணியை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றாமல், சில நாட்கள் தொடர்ச்சியாக அமைக்கலாம்.
* பகலில் உறங்குவோர் அறையை இருட்டாக்கி, உறங்குமுன் தேநீர், காப்பியைத் தவிர்க்கலாம்.
* உயர் இரத்த அழுத்தத்துடன் பலத்த குறட்டையும் உள்ளவர்கள் மருத்துவரை அணுக வேண்டும்.