குறைந்த செலவில் நிறைந்த எழுத்து

வட்டாட்சியர் அலுவலக வாயில்களில் மனு எழுதித் தருவோர் அமர்ந்திருப்பதை நாம் காண்கிறோம். கல்வி வாய்ப்புப் பெறாத முதியோர் அவர்களை நாடுவது இயல்பே. பட்டம் பெற்ற இளைஞரும் பணம் கொடுத்து அவர்கள்முன் நிற்பாராயின் அது கவலைக்குரியது. தம் குறையைத் தம் சொற்களால் எழுத இயலாதவர் பிறர் எழுதியதில் கையொப்பமிடுகிறார். தாம் கேட்க வந்தது அதில் முழுமையாக இடம்பெற்றதா என்பதையும் அறியாமல் திரும்புகிறார். எழுத்தாற்றல் வாழ்க்கைக்கு இன்றியமையாத கருவி என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இக்கருவியைப் பெறப் பெரும்பொருள் வேண்டும் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. பயிற்சி நிலையங்களுக்குக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகள் எழுத்துத் தமக்கு எட்டாக் கனி என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஊரப்பாக்கத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் மாணவர்க்குச் சிறு செலவில் கிடைக்கும் துணைகள் யாவை, அவற்றைப் பயன்படுத்தும் முறை யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

நாம் முன்னரே விலை கொடுத்த நூலகம்

சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை சீ. இரா. அரங்கநாதனாரின் அயரா முயற்சியால் 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத் தண்டப்படுகிறது. ஆகவே பொது நூலகத்தில் உள்ள நூல்களுக்கு நம் பெற்றோர் முன்னரே விலை செலுத்தியுள்ளனர். பயன்கொள்ளாதிருப்பதே நமக்கு நட்டம்.

ஊரப்பாக்கத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். அங்கே 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம் உள்ளது. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் வந்து சேரும் நான்கு நூலகங்களுள் அஃது ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமும் மாணவர்க்குப் பெருந்துணையாகும்.

கைப்பேசியில் உள்ள கருவூலம்

தொலைவு செல்ல இயலாதவர்க்குக் கையில் உள்ள கைப்பேசியே நூலகமாகும். 1998-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் உமறுப் புலவரின் சீறாப்புராணம் வரை கட்டணமின்றிப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல உள்ளன.

உரைநடை பயில விரும்புவோர் அவற்றுள் திரு.வி.க.வின் நூல்களை முதலில் எடுப்பது நன்று. 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய இதழ்களை நடத்திய அப்பெருமகனாரின் சிறு சிறு தொடர்கள், கருத்தைச் சிதறவிடாமல் சொல்லும் முறைக்கு நல்ல முன்மாதிரி. 'தாருல் இஸ்லாம்' இதழாசிரியர் பா. தாவூத் ஷா பிழையற்ற நல்ல தமிழில் இதழ் நடத்துவதில் உறுதியாக நின்றவர். பல்லாண்டுகள் 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா அறிவியலையும் தமிழில் தெளிவாக எழுதலாம் என்று காட்டியவர். இவர்தம் எழுத்துகள் கிடைக்கும்போது, நாளொன்றுக்கு ஒரு பத்தியைக் கையால் படியெடுத்து எழுதுக. கண் தாண்டிச் செல்லும் தொடரமைப்பைக் கை நின்று கற்கும்.

அகராதியும் செவியும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகக் காணலாம். 1992-இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொல் ஆளப்படும் முறையை எடுத்துக்காட்டுத் தொடர்களோடு விளக்குகிறது. 'நினைவுகூறுதல்' என்று எழுதுவோர் பலர். கூறுதல் சொல்லுதலாகும், கூர்தல் மிகுதலாகும். 'நினைவுகூர்தல்' என்பதே சரி. ஐயம் எழும்போதெல்லாம் அகராதியைப் புரட்டுவோர்க்கு இத்தகைய பிழைகள் தாமே விலகும்.

ஒற்றுப்பிழை நீங்குவதற்குச் செவி துணை செய்யும். 'படித்துப் பார்த்தேன்' என்பதில் ஒற்று மிகுகிறது. 'வந்து பார்த்தேன்' என்பதில் மிகவில்லை. முன்னது வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னது மென்தொடர்க் குற்றியலுகரம் என்று இலக்கணம் காரணம் கூறும். இலக்கணம் அறியாதவரும் நல்ல நூல்களை வாய்விட்டுப் படித்துப் பழகினால் இவ்வேறுபாடு காதில் பதியும்.

திருத்தி எழுதும் பழக்கம்

உதவித்தொகை கேட்கும் மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: 'என் தந்தையார் இறந்துவிட்ட காரணத்தினால் எங்களுடைய குடும்பத்திற்கு வருமானம் என்பது இல்லாத ஒரு சூழ்நிலை ஏற்பட்டுள்ளது.' இதனையே, 'என் தந்தையார் இறந்துவிட்டார். குடும்பத்திற்கு வேறு வருமானம் இல்லை' என்று எழுதலாம். 12 சொற்கள் 7 ஆயின; பொருள் குறையவில்லை, துயரமும் நேரே சென்று சேர்கிறது. எழுதிய பக்கத்தை மறுநாள் எடுத்து, நீக்கினாலும் பொருள் கெடாத சொற்களை அடித்துப் பார்த்தல் செலவில்லாப் பயிற்சிகளுள் தலையாயது.

படிப்பவர் ஒருவர் வேண்டும்

மேற்கூறிய யாவும் இருந்தும், எழுதியதைப் படித்துக் குறை சொல்வார் இல்லையெனில் வளர்ச்சி தடைப்படும். நான்கு மாணவர் கூடி வாரம் ஒரு பக்கம் எழுதி, தம்முள் மாற்றித் திருத்திக்கொள்ளலாம். அவர்களுக்குத் தீராத ஐயங்களைத் தீர்த்து வைப்பது ஆசிரியர் கடன்.

சமுதாயப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜமாஅத்தின் கூட்டக் குறிப்பு, அறிவிப்பு, அரசுக்கு அனுப்பும் விண்ணப்பம் ஆகியவற்றின் முதல் வரைவை மஹல்லாவின் கல்லூரி மாணவர், மாணவியரிடம் ஒப்படையுங்கள். பிழை இருப்பின் அன்போடு திருத்துங்கள். மதிப்பெண்ணுக்காக எழுதுவதினும் ஊர் படிக்கும் என்று எழுதும்போது பொறுப்பு மிகும். ஜமாஅத்திற்கு இதனால் செலவு ஏதுமில்லை. ஆண்டுதோறும் நாலைந்து நல்ல எழுத்தாளர்கள் அதற்குக் கிடைப்பர்.