காரின் சக்கரங்கள் நேராக ஓடுகின்றனவா?

சமதளத்தில் நிற்கும் ஒரு காரை முன்புறமிருந்து பாருங்கள். சக்கரங்கள் தரைக்குச் செங்குத்தாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் நிற்பதாகத் தோன்றும். அளந்து பார்த்தாலோ, அவை மிகச் சிறிய கோணங்களில் சாய்ந்தும் திரும்பியும் இருப்பது தெரியவரும். இவை தற்செயலாக ஏற்பட்டவை அல்ல. வண்டி நேராக ஓடவும், வளைவுகளில் தடுமாறாமல் திரும்பவும், டயர் சீராகத் தேயவும் பொறியாளர்கள் கணக்கிட்டு வைத்த கோணங்கள் இவை. பள்ளத்தில் விழுந்து எழுவதாலும், ஓரக்கல்லில் மோதுவதாலும், இணைப்புகள் தேய்வதாலும் நாளடைவில் இவை மாறிவிடுகின்றன. அவற்றை மீண்டும் உரிய அளவுக்குக் கொண்டுவரும் பணிக்குத்தான் ‘வீல் அலைன்மென்ட்’ என்று பெயர்.

மூன்று கோணங்கள்

முதலாவது ‘டோ’. காரை மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். முன் சக்கரங்கள் இரண்டின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் அது ‘டோ-இன்’, விலகியிருந்தால் ‘டோ-அவுட்’. கால் கட்டைவிரல்களை உள்நோக்கியோ வெளிநோக்கியோ வைத்து நாம் நிற்பதைப் போன்றது இது.

டோ சற்றே பிசகினால் என்ன நேரும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் விட்டம் 600 மி.மீ. என்க. இரு சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம், பின்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட 3 மி.மீ. குறைந்திருக்கிறது. இதில் ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு 1.5 மி.மீ. அதாவது 600க்கு 1.5, இது 400க்கு 1 ஆகும். கார் 400 மீட்டர் செல்வதற்குள் ஒவ்வொரு முன் சக்கரமும் 1 மீட்டர் பக்கவாட்டில் விலகிச் செல்ல முயல்கிறது. கார் அதை விடுவதில்லை. 1000 கிலோமீட்டர் ஓட்டத்தில் இந்த இழுபறி 2.5 கிலோமீட்டர் ஆகிவிடும்! தரையைத் தொடும் ரப்பர் முதலில் வளைந்து கொடுக்கிறது. தரையை விட்டு எழும்போது வழுக்கிக்கொண்டு தன் நிலைக்குத் திரும்புகிறது. இந்த வழுக்கலே டயரைத் தேய்க்கிறது, எரிபொருளையும் வீணாக்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரு சக்கரங்களும் எதிரெதிராக இழுப்பதால் விசைகள் சமப்பட்டுவிடும். கார் நேராகவே ஓடும். ஓட்டுபவர் எதையும் உணரமாட்டார். ஆகவே ‘வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, அலைன்மென்ட் சரியாகத்தான் இருக்கிறது’ என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது ‘கேம்பர்’. இது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். இது மிகுந்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். சாய்ந்து உருளும் நாணயம், சாய்ந்த பக்கமே வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இடது, வலது சக்கரங்களின் கேம்பர் வேறுபட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

மூன்றாவது ‘காஸ்டர்’. இதை அறிய சைக்கிளே போதும். அதன் முன் ஃபோர்க் செங்குத்தாக இராமல் சாய்ந்திருக்கிறது. கைப்பிடி திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது தரையைச் சந்திக்கும். ஆகவே சக்கரம் எப்போதும் அந்த அச்சுக்குப் பின்னே இழுபட்டு வருகிறது. காரிலும் இப்படித்தான். வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானே நேர்நிலைக்கு வருவதற்கு இச்சாய்வு பெரிதும் உதவுகிறது.

எதை முதலில் செய்வது?

கருவியில் எண்கள் பச்சை நிறத்தில் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வரிசை தவறினால் எண்கள் சரியாக இருந்தும் பயன் இராது.

முதலில் டயர்களில் காற்றழுத்தம் சரியாக இருக்கவேண்டும். ஒரு டயரில் காற்று குறைந்தால் கார் அந்தப் பக்கம் தாழ்ந்து அளவுகளே மாறிவிடும். அடுத்து டை ராட் முனை, பால் ஜாயிண்ட், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் உள்ளதா என்று பார்க்கவேண்டும். ஆட்டம் உள்ள இணைப்பைச் சரிசெய்யாமல் கோணத்தைத் திருத்துவது, ஆடும் நாற்காலியில் ஏறி நின்று சுவரில் படம் மாட்டுவது போலாகும்.

பிறகு அளவிடும் தலைகள் அல்லது பலகைகளை நான்கு சக்கரங்களிலும் பொருத்துவார்கள். ரிம் சற்று நெளிந்திருந்தால் அந்தப் பிழையும் அளவில் சேர்ந்துவிடும். அதை நீக்கவே காரைச் சற்று முன்னும் பின்னும் உருட்டுகிறார்கள், அல்லது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுகிறார்கள். இதை விட்டுவிட்டால் அளவு நம்பத்தக்கதன்று.

பின் சக்கரங்களையும் கட்டாயம் அளக்கவேண்டும். கார் எந்தத் திசையில் செல்லும் என்பதை அவையே முடிவு செய்கின்றன. பின் அச்சு கோணலாக இருந்தால் கார் நண்டு போல ஒருக்களித்து ஓடும். நேராகச் செல்லும்போதும் ஸ்டியரிங் வீல் திரும்பியே இருக்கும்.

அதன்பின் காஸ்டர், கேம்பர், கடைசியாக டோ. காரணம், முதலிரண்டையும் திருத்தினால் டோ மாறிவிடும். ஸ்டியரிங் வீலை நேராக நிறுத்திப் பூட்டிய பின்னரே டோவைத் திருத்தவேண்டும்.

பல சிறிய கார்களில் முன் சக்கரங்களின் டோவை மட்டுமே திருத்த வசதி உண்டு. அவற்றில் கேம்பர் அளவு மீறியிருந்தால், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். டோவை மட்டும் திருத்தி அனுப்பினால் டயர் மீண்டும் தேயும். எனவே வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளையும், அந்த மாடலுக்கு உரிய அளவுகளையும் ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள்.

சில சந்தேகங்கள்

வேகமாகச் செல்லும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால், பெரும்பாலும் அது சக்கரத்தின் எடை சமன்படாத குறை. அதற்கு வேண்டியது ‘வீல் பாலன்சிங்’, அலைன்மென்ட் அன்று. டயரின் இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி.

டயரின் உள் ஓரம் நம் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. வெளிப்புறம் புதிதுபோல் இருக்க, உள்ளே வழுக்கையாகிவிடலாம். மழைநாளில் பிரேக் போடும்போதுதான் அதன் ஆபத்து தெரியவரும். ஆகவே மாதம் ஒருமுறை காரை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பி, எஞ்சினை அணைத்துவிட்டு முன் டயர்களின் உள் ஓரத்தைப் பாருங்கள். பள்ளங்களுக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடுகள் உண்டு. டயரின் பரப்பு அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றவேண்டும். கையுறை அணிந்து டயரைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் பட்டால் டோ பிசகியிருக்கிறது. புதிய டயர் வாங்குமுன் அதைச் சரிசெய்துவிடுங்கள்; இல்லையேல் அதுவும் இதேபோல் தேயும்.