கொடித்தோடையின் இலை சொல்லும் செய்தி



யாழ்ப்பாணத்தார் கொடித்தோடை என்றும், ஊவா மலைநாட்டில் நாம் பேஷன் புரூட் என்றும் வழங்கும் கொடியை லுணுகலைப் பகுதியில் அறியாதார் இலர். தென் அமெரிக்காவிலே பிரேசிலும் பராகுவேயும் அதன் தாயகம். ஊதாநிறப் பழம் தரும் இனம் குளிர்ந்த மலைக்கும், மஞ்சள்நிறப் பழம் தரும் இனம் வெப்பமான தாழ்நிலத்துக்கும் உகந்தவை. லயத்தின் கோடியில் நான்கு கம்பு நட்டுக் கம்பி கட்டிவிட்டால் போதும், பிள்ளைகளின் கொப்பிக்கும் பேனைக்கும் ஆகிற காசை அந்தப் பந்தலே தந்துவிடும் என்று நம்புகிற குடும்பங்கள் இங்கு உண்டு. அந்த நம்பிக்கை சில வேளை பொய்த்துப் போவது ஏன் என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

முதலில் என் சொந்தப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு வேலியோரத்தில் ஒரு கொடி நட்டேன். தேயிலைக்கு இடும் கலவைப் பசளையில் மிஞ்சிய அரை மூடை கைவசம் இருந்தது. தேயிலைக்கு நல்லது கொடிக்கும் நல்லதுதானே என்று தாராளமாக அள்ளி இட்டேன். கொடி பந்தலை மூடிப் பக்கத்துக் கொய்யாவிலும் ஏறிற்று. இலைகள் கரும்பச்சை நிறத்தில் பளபளத்தன. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். பழங்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். சரித்திரம் படிப்பித்தவருக்குத் தோட்டம் எதற்கு என்று வீட்டில் நகைத்தார்கள்.

காரணம் பின்னரே விளங்கிற்று. தேயிலையில் நாம் கொண்டுபோவது இலை. ஒவ்வொரு முறை கொழுந்து கிள்ளும்போதும் செடியிலிருந்து நைதரசன் கூடையேறிப் போகிறது. ஆதலால் தேயிலைப் பசளையில் நைதரசனே மிகுந்திருக்கும். கொடித்தோடையில் நாம் கொண்டுபோவது பழம். பழத்தோடு மிகுதியாக வெளியேறுவது பொற்றாசியம். நைதரசனை அளவுக்கு மிஞ்சி ஊட்டினால் கொடி இலையும் தண்டுமாகப் பெருகும். பூப்பது பின்தள்ளிப் போகும். ஆனால் பழம் பிடிக்காமைக்கெல்லாம் பசளையே காரணமென்று கொள்ளலாகாது. மஞ்சள் இனத்தின் பூ தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. வேறொரு கொடியின் மகரந்தத்தைக் கருவண்டு கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

அப்படியானால் கொடிக்கு எது குறைவு, எது மிகுதி என்பதை எவ்வாறு அறிவது? இலையைக் கேட்டறிவதே வழி. நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் ஆகிய மூன்றும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. பஞ்ச காலத்தில் தாய் தன் வாய்ச்சோற்றைப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல, முதிர்ந்த இலை தன்னிடமுள்ளதை இளந்தளிருக்கு அனுப்பிவிட்டுத் தான் வாடும். ஆகவே முதிர்ந்த இலை முழுவதும் வெளிறி மஞ்சளித்தால் நைதரசன் குறைவு; அதன் ஓரம் தீய்ந்து பழுத்தால் பொற்றாசியம் குறைவு; நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளித்தால் மகனீசியம் குறைவு. இதே தோற்றம் இளந்தளிரில் கண்டால், அது பெரும்பாலும் இரும்புச்சத்தின் குறைவு. இரும்பு எளிதில் இடம்பெயராது.

ஆயினும் கண்ணுக்குத் தெரியுமுன்பே விளைச்சல் குறைந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். அதனாலேயே ஆய்வுகூடத்தின் துணை வேண்டியிருக்கிறது. இலையை உலர்த்திப் பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள சத்துக்களை அளக்கிறார்கள். நைதரசனை அளக்கும் முறையை 1883ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரில், ஒரு மதுவடிசாலையின் ஆய்வுகூடத்தில் இருந்த யோகான் கெல்டால் என்பவர் கண்டுபிடித்தார். பியர் வடிக்கும் தானியத்தின் புரதத்தை அறியப் பிறந்த முறை நம் பந்தலுக்கும் உதவுகிறது! பொற்றாசியத்தையோ சுவாலையில் இட்டு, அது வீசும் ஒளியைக் கொண்டு அளப்பார்கள். நன்கு காய்க்கும் கொடியின் உலர்ந்த இலையில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு வரை நைதரசன் இருக்கும். பொற்றாசியத்துக்கு அவுஸ்திரேலியர் வகுத்த அளவும் பிரேசில் நாட்டார் வகுத்த அளவும் ஒன்றல்ல. எந்த இலையைப் பறிக்கிறோம், எந்தப் பருவத்தில் பறிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே முதிர்ந்ததையும் தளிரையும் கலந்து பறித்தால் பரிசோதனையே வீண்.

இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். 2021ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தத் தீர்மானித்தது. நவம்பரில் அத்தடையை விலக்கிக்கொண்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. தடை நீங்கிப் பசளை கடைக்கு வந்தபோது அதன் விலை பன்மடங்காகியிருந்தது. அள்ளி இடும் காலம் அத்தோடு போயிற்று. மாட்டெருவும் கூட்டெருவும் மண்ணை வளப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தச் சத்தையும் ஒரே பருவத்தில் முற்றாக நிறுத்துவதற்கு ஈடாக அவை நிற்கமாட்டா என்பதைத் தோட்டத்து மக்கள் தங்கள் சம்பளத்திலேயே கண்டார்கள்.

நம் மலைச்சரிவின் மண்ணும் எளிதில் வசப்படாதது. அது புளிப்பு மண். பெருமழையில் பொற்றாசியமும் மகனீசியமும் கழுவுண்டு பள்ளத்துக்குப் போய்விடும். தேயிலை புளிப்பைத் தாங்கும். கொடித்தோடை அவ்வளவு தாங்காது. தேயிலை மலைகளில் தூவும் டொலமைட் இங்கும் உதவும். அது புளிப்பைக் குறைப்பதோடு கல்சியத்தையும் மகனீசியத்தையும் தரும். அதையும் அளவுக்கு மிஞ்சி இட்டால் இரும்பு கிடைக்காமல் தளிர் வெளிறும். பொற்றாசியத்தை மிகுதியாக இட்டாலோ, வேர் மகனீசியத்தை ஏற்பது குறையும். ஒன்றைக் கூட்டுவது மற்றொன்றைப் பட்டினி போடுவதாகவும் முடியலாம் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

ஆதலால் மார்கழி மழை கொட்டும்போது பசளை இடாதீர்கள். மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கையில், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகத் தூவி, மேலே சருகு பரப்புங்கள். ஒரே தடவையில் இடாமல் சிறிது சிறிதாகப் பிரித்து இடுங்கள். இலையைச் சோதிக்க விரும்பினால், நோயற்ற பல கொடிகளில், கொடி நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவதாக உள்ள, முழுதாக விரிந்த இலையைக் காலையில் பறித்துக் கடதாசிப் பையில் இடுங்கள்; பொலித்தீன் பையில் இட்டால் அழுகிவிடும். விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் பண்டாரவளையில் இருக்கிறது. எந்தப் பரிசோதனை எங்கே செய்யப்படும் என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் முன்னரே கேட்டுக்கொண்டு, பறித்த அன்றே அனுப்பிவிடுங்கள். பையின் மேல் பறித்த திகதியையும், கடைசியாக எப்போது என்ன பசளை இட்டீர்கள் என்பதையும் எழுத மறவாதீர்கள்.