வியர்வையாக வெளியேறுவது கொழுப்பு அல்ல

உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் ஜெர்கின் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களும், தொப்பை கரையட்டும் என்று வயிற்றைச் சுற்றி ஸ்வெட் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்கிறவர்களும் உண்டு. சட்டை நனையாவிட்டால் அன்றைய பயிற்சியே வீண் என்று இவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்காக நிறையப் பாடுபடுகிறார்கள். அந்தப் பாடு கொழுப்பைக் குறைக்க உதவுவதில்லை என்பதோடு, குறைக்கும் வேலையைக் கெடுக்கவும் செய்கிறது என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எரிந்த கொழுப்பு எங்கே போகிறது?

வியர்வையில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர். மீதி பெரும்பாலும் உப்பு. அதோடு சிறிதளவு பொட்டாசியம், யூரியா, லாக்டேட். தோலில் பரவியிருக்கும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இந்த நீரை இரத்தத்திலிருந்து எடுத்து வெளியே விடுகின்றன. தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் சேர்ந்திருக்கும் கொழுப்புக்கும் இந்தச் சுரப்பிகளுக்கும் நேரடிப் பாதை எதுவும் கிடையாது. கொழுப்பு உருகி வழிந்து வெளியே வருவதில்லை. அது இரத்தத்தில் கலந்து தசைகளுக்குப் போய், அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. எரிந்த பிறகு மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரௌன் ஆகிய இருவரும் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது, மீதி 1.6 கிலோதான் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீரிலும் ஒரு பகுதி சிறுநீராகவும், ஒரு பகுதி மூச்சில் ஆவியாகவும் போகும். ஆக, கொழுப்பு உடலை விட்டுப் போகும் முக்கிய வழி நுரையீரல். அதற்காக வேகவேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கரியமில வாயு உருவாவதற்கே முதலில் தசை வேலை செய்தாக வேண்டும்.

எடை இயந்திரம் காட்டும் கணக்கு

ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு எடை பார்த்தால் முக்கால் கிலோ, ஒரு கிலோ குறைந்திருக்கிறதே என்ற கேள்வி வரும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 300 கிலோகலோரி. ஒரு கிலோ உடல்கொழுப்பில் அடங்கியிருப்பது சுமார் 7,700 கிலோகலோரி. அந்த 300-உம் முழுக்க முழுக்கக் கொழுப்பிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டாலும் கரைந்தது 40 கிராம்தான். எடை இயந்திரத்தில் குறைந்த மற்றதெல்லாம் தண்ணீர். தாகம் தீரக் குடித்ததும் அது திரும்பிவிடும், திரும்பவும் வேண்டும். எடைப் பிரிவு பார்த்து மோதும் மல்யுத்த வீரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் முதல் நாள் காலையில் 50 கிலோ வரம்புக்குள் இருந்தார். அன்று மூன்று ஆட்டங்கள் ஆடி, உணவும் நீரும் எடுத்துக்கொண்ட பிறகு எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூடிவிட்டது. இரவெல்லாம் சானா என்ற வெப்ப அறையிலும் பயிற்சியிலும் போராடி, முடியைக்கூட வெட்டியும், மறுநாள் காலை 100 கிராம் மிஞ்சியது. உலகின் மிகச்சிறந்த வீராங்கனைகளில் ஒருவருக்கு, மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தும் நடந்தது இது. கூடிக் குறைந்ததெல்லாம் பெரும்பாலும் நீர்தான். ஒரே பகலில் இரண்டரைக் கிலோ கொழுப்பு யார் உடலிலும் சேராது. ஒரே இரவில் கரையவும் கரையாது.

வெப்பம் போனால் ஆற்றலும் செலவானதுதானே?

விவரம் தெரிந்தவர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் உடலிலிருந்து போகிறது என்றால் உடல் அவ்வளவு எரித்திருக்கிறது என்றுதானே பொருள் என்பது அவர்கள் வாதம். பாதி சரி. தசை எரிக்கும் ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது; மற்றது வெப்பமாகிறது. அதனால் கடுமையாக உழைத்தால் அதிகம் வியர்க்கும். ஆனால் வியர்வை அந்த வெப்பத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உண்டானதை வெளியேற்றுகிறது. ஆற்றல் செலவானது தசையில், வியர்க்கும் முன்பே. மேலும், வியர்வை வெளியேற்றும் வெப்பம் எல்லாம் தசையிலிருந்து வந்ததும் அல்ல. வெயிலில் ஓடுகிறவர் சூரியனிடமிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் வாங்கிய வெப்பத்துக்கும் சேர்த்தே வியர்க்கிறார். சானா அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் வெளியேற்றுவது பெரும்பாலும் அறையின் வெப்பத்தை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்திலோ வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. அப்படி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. வெறும் நீரிழப்பு மட்டுமே மிச்சம்.

ஒரே வேகத்தில் ஒரே தூரம் நடந்தவருக்கு மார்கழிக் காலையில் நெற்றி மட்டும் ஈரமாகும், வைகாசி மாலையில் சட்டை முழுக்க நனையும். நீச்சல்குளத்தில் ஒரு மணி நேரம் நீந்துகிறவர் நடப்பவரைவிடக் கூடுதலாகவே எரிக்கிறார். வியர்ப்பது அவருக்கே தெரியாது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும் என்பதும் உண்மை. அவர்கள் ஒல்லியாக இருப்பதைப் பார்த்து வியர்வைதான் காரணம் என்று முடிவு கட்டுவது தலைகீழான முடிவு. பல மாதப் பயிற்சியால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பயிற்சி இல்லாமலேயே, உடல் பருமனால் அதிகம் வியர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

பெல்ட்டும் ஜெர்கினும் செய்யும் கெடுதல்

காற்றுப் புகாத உடை வியர்வையை ஆவியாக விடாது. உடல்சூடு ஏறும், அதைத் தணிக்க இதயம் இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பும், தசைக்கும் தோலுக்கும் சேர்த்து ஈடுகொடுக்க நாடித்துடிப்பு கூடும். கையில் கட்டிய கருவியில் துடிப்பு உயர்வதைப் பார்த்துக் கொழுப்பு எரிவதாக மகிழ்கிறோம். நடப்பதோ வேறு. உடல் எடையில் 2 சதவீத நீர் போனாலே உழைக்கும் திறன் குறையத் தொடங்கும். ஐம்பது நிமிடம் நடக்கக்கூடியவர் முப்பது நிமிடத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். இன்னொன்று, உடல் மிகவும் சூடாகும்போது தசைகள் தமக்குள் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தையே வழக்கத்தைவிட அதிகமாகச் செலவழிக்கின்றன. எந்தக் கொழுப்புக்காக இவ்வளவு சிரமமோ, அதன் பங்கு அங்கே குறைகிறது. பெல்ட் கட்டிய இடம் வியர்ப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு தனியாகக் கரைவதும் இல்லை. எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்பதை ஹார்மோன்களும் மரபும் தீர்மானிக்கின்றன.

இது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். 1997-இல் அமெரிக்காவில் ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் இறந்தார்கள். எடைப் பிரிவுக்குள் வருவதற்காகத் தண்ணீரைக் குறைத்து, காற்றுப் புகாத உடை அணிந்து, சூடான இடத்தில் பயிற்சி செய்த இளைஞர்கள் அவர்கள். அதன்பின் எடை குறைக்க ரப்பர் உடைகளையும் சானா அறைகளையும் பயன்படுத்துவது அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் தடை செய்யப்பட்டது. இரத்த அழுத்தத்துக்காக நீர்பிரியும் மாத்திரை எடுப்பவர்களும், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் வேண்டுமென்றே வியர்க்கவைக்கும் எந்த முறையையும் தொடவே கூடாது. பயிற்சியின்போது தலைசுற்றல், குமட்டல், பேச்சுக் குழறல் வந்தால் வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேலெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சானா குளியலுக்கு நன்மை இல்லையா என்று கேட்கலாம். பின்லாந்தின் குவோப்பியோ வட்டாரத்தில் நடுவயது ஆண்களை நீண்டகாலம் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், அடிக்கடி சானாவில் உட்கார்ந்தவர்களிடம் இதயநோய் மரணங்கள் குறைவாக இருந்தன. அது இதயம், இரத்தக்குழாய் பற்றிய செய்தி. கொழுப்புக் குறைப்புக்கான சான்று அல்ல.

வேறு எதைப் பார்ப்பது?

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அது நடுத்தர வேகம். அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை நிறைவேற்ற உடல் குளிர்ச்சியாக இருப்பது துணைசெய்யும். ஆகவே மின்விசிறி ஓடட்டும், பருத்தி பனியனோ காற்றோட்டமான டி-சர்ட்டோ போதும், நடை விடிகாலையில் இருக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீரும், நீண்ட நேரம் வியர்த்த நாளில் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ நல்லது. உப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பயிற்சி முடிந்த கையோடு எடை பார்க்க வேண்டாம். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். அதோடு ஓர் அளவுநாடாவால் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. நான்கு வாரத்தில் இடுப்பு ஒரு சென்டிமீட்டர்கூட அசையவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது சாப்பாட்டுத் தட்டை.