மிதி சொல்லும் செய்தி

ஓடாத வாகனத்தால் வரும் துன்பம் சிறிது. நில்லாத வாகனத்தால் வரும் துன்பமோ பெரிது. இவ்வுண்மையை நாம் நூலிற் கற்றதிலும் இறம்பொடை மலைச்சரிவிற் கற்றதே அதிகம்.

எம்மிடம் முப்பது ஆண்டுகளைக் கடந்த டீசல் வான் ஒன்று உண்டு. சென்ற பாடசாலை விடுமுறையிற் பிள்ளைகளுடன் நுவரெலியா சென்று, கம்பளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவொன்றை அணுகிப் பிறேக்கை மிதித்தபோது, மிதி வழக்கமான இடத்தில் நில்லாது தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்தது. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கையும் மெல்ல இழுத்து, மலையோரமாக வானை நிறுத்தினோம். பின்னாசனத்தில் இளைய மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். எமது கைகள் நடுங்கியதை அவள் அறியாள்.

குற்றம் வானுடையதன்று, எம்முடையதே. இரு மாதங்களாகப் பிறேக் எண்ணெய் குறைந்து வந்தது. குறையுந்தோறும் நிரப்பினோமேயன்றி, ஏன் குறைகிறதென்று வினவினோமில்லை. கம்பளையிலிருந்து வந்த முதிய மெக்கானிக், “ஐயா, டீசல் எரிந்து குறையும், பிறேக் எண்ணெய் எரிவதில்லையே! அது எங்கே போயிற்றென்று பார்க்கவேண்டாமா?” என்றார். பின்சில்லைக் கழற்றியபோது, சிலிண்டரின் றப்பர் பழுதடைந்து, ஒழுகிய எண்ணெயில் லைனர் முழுதும் நனைந்திருக்கக் கண்டோம். முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் எண்ணெய் தனித்தனி வழியிற் செல்வதனாலேயே முன்பிறேக்காவது பிடித்தது.

மூடிய கலத்திலுள்ள திரவத்தில் ஏற்படுத்தும் அமுக்கம் எங்கும் ஒரேயளவாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதியை மாணவர் அறிவர். காலின் அமுக்கத்தைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் அதே எண்ணெய், சில்லின் குறையைக் காலுக்கும் உணர்த்துகிறது. அச்செய்தியை உணராது உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுதல் வீண்செலவாகும்.

மிதி பஞ்சுபோல் மென்மையாயிருந்தால், குழாயினுட் காற்றுப் புகுந்துள்ளதென ஐயுறலாம். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். மிதி தாழ்ந்திருந்து, அடுத்தடுத்து மிதிக்க உயர்ந்து உறுதியாக நிற்குமாயின், பின்சில்லு லைனர் தேய்ந்து டிரம்முக்கும் அதற்குமுள்ள இடைவெளி கூடியிருக்கலாம். ஒரே அழுத்தமாக மிதித்திருக்க மெல்ல மெல்லத் தாழுமாயின், எங்கோ ஒழுக்கு உண்டு. வெளியே ஈரம் காணப்படாவிடின் மாஸ்டர் சிலிண்டரின் உள் றப்பரை ஆராயவேண்டும்.

மிதி கல்லைப்போற் கடினமாயிருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பின்னர் மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழிறங்கினால் பூஸ்டர் நலம்; இறங்காவிடின் பூஸ்டரையோ, வெற்றிடக் குழாயையோ, வெற்றிடப் பம்பையோ சோதித்தல் வேண்டும்.

பிறேக் பிடிக்கையில் வான் ஒருபக்கம் இழுபட்டால், முதலில் முன்ரயர்களின் காற்றைப் பாருங்கள். அது சரியாயின், பெரும்பாலும் எதிர்ப்பக்கச் சில்லே சரியாகப் பிடிக்கவில்லை எனலாம்.

மலைவீதியில் ஓட்டுவோர் மற்றொன்றையும் அறிதல் நன்று. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற் கொதிப்பது. ஈரமேறியபின் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். நெடுஞ்சரிவில் ஓயாது மிதித்து வரும்போது சூடேறி, எண்ணெய் ஆவியாகி, மிதி வெறுமையாகும். ஆதலால் இரண்டாண்டுக்கொருமுறை எண்ணெயை மாற்றுவதும், தாழ்ந்த கியரில் இறங்குவதும் சாலச் சிறந்தவை.

இச்சோதனைகளை வான் சமதரையில் நிற்கும்போதே செய்க. மிதி தாழ்ந்த வானை, “சிறிது தூரந்தானே” என்று வீதிக்குக் கொண்டுசெல்லல் ஆகாது.

எண்ணெய்ப் போத்தலொன்றை எப்போதும் வானில் வைத்திருந்ததை முன்னெச்சரிக்கை என்றே கருதியிருந்தோம். அது எமது அசட்டையை மறைத்த திரை என்பதை இறம்பொடை உணர்த்திற்று. குறைந்ததை நிரப்புமுன், ஏன் குறைந்ததென்று வினவுவோமாக.