கொதிக்கவைத்தாலும் போகாத ஃபுளோரைடு

வீட்டுக் குடிநீரில் கலக்கும் மாசுகளில் கொதிக்கவைத்தால் அழிபவை உண்டு, அழியாதவையும் உண்டு. டைஃபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகள் முதல் வகை. சுத்திகரித்து அனுப்பிய நீரிலும் இவை வழியில் சேர்ந்துவிடும். சில நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடும் ஊர்களில் குழாய் மற்ற நேரமெல்லாம் காலியாகக் கிடக்கும். அப்போது விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசியும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்தக் கசிவு இன்னும் கூடும். நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடிய பாத்திரத்தில் வைத்துக் குடித்தால் கிருமிகளின் தொல்லை தீரும்.

நைட்ரேட் அப்படியல்ல. உரமும் மலக்குழிக் கசிவும் கிணற்றில் சேர்க்கும் இந்த உப்பு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்க இத்தகைய நீரைப் பயன்படுத்தினால், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகிக் குறையும், நைட்ரேட் அப்படியே தங்கிச் செறிவு கூடும்.

ஃபுளோரைடும் இப்படித்தான். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. கருங்கல் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் இயற்கையாகவே கரைவது அது. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கியது என்பதால் அதில் அளவு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதனால் பல தலைமுறைகளாக அவதிப்பட்டவை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் ஃபுளோரைடால் வரும் நோய் பரவியிருந்தது 1937-லேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் முதலில் காட்டிக்கொடுப்பது பல். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், இந்த நீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பற்களில் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடுகள் விழும். பிறகு அவை மஞ்சளாகி, பழுப்பேறி, குழி விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத இந்தக் கறையைப் பல் துலக்காத சோம்பலாக எண்ணிப் பிள்ளையைத் திட்டுவது பெரும் அநியாயம்.

பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். முழங்கால் மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்க முடிகிறதா, தாடையை மார்பில் தொடவைக்க முடிகிறதா, கைகளை உயர்த்திப் பிடரியில் வைக்க முடிகிறதா என்று சுகாதாரப் பணியாளர்கள் சோதிப்பது இதற்காகத்தான். வயதானால் வரும் மூட்டுவலி என்று பலர் ஒதுக்கிவிடுவது இந்த நோயாகவும் இருக்கலாம். முற்றிய நிலையில் எலும்பின் இறுக்கத்தை நீக்க மருந்தில்லை. ஆகவே நீரை மாற்றுவதே உண்மையான சிகிச்சை.

வண்டலை மட்டும் பிடிக்கும் சாதாரண ஃபில்டர் இதற்கு உதவாது. ஆர்ஓ கருவியும், ஊக்கப்படுத்திய அலுமினா நிரப்பிய வடிகட்டியும் ஃபுளோரைடைக் குறைக்கும். நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துக் கலக்கித் தெளியவிட்டு மேல்நீரை வடித்தெடுப்பார்கள். நீரின் தன்மைக்கேற்ப அளவு மாறும் என்பதால் கைக்கணக்கில் போடக்கூடாது. சுத்தமாகச் சேமித்த மழைநீரில் இந்தச் சிக்கலே இல்லை. கால்சியம் நிறைந்த கேழ்வரகும் பாலும் உடல் ஃபுளோரைடை ஈர்ப்பதை ஓரளவு மட்டுப்படுத்தும்.

ஊருக்கே தீர்வு என்றால் ஆற்றுநீரைக் கொண்டுவருவதுதான். ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 முதல் காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தருகிறது. ஆனால் காவிரி நீர் வராத நாளில் பழைய போர் தண்ணீரையே சமையலுக்கும் குடிக்கவும் எடுத்தால் பாதிப்பு தொடரும். போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதைக் குடிக்க வேண்டியிருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளலாம்.